ஸ்பேஸுக்குள் நுழையும் முன் ப்ரொஃபைலில் எதைப் பார்ப்பீர்கள்?

அடுப்படி ரேடியோ:
இரவு பத்து மணிக்குமேல் பாத்திரம் தேய்க்கும்போது காதில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் எனக்கு. பாட்டு அலுத்துவிட்டதால் நாலைந்து மாதமாக எக்ஸ் தளத்தில் தமிழ் ஸ்பேஸ்தான், அதாவது நேரலையில் பேசிக் கேட்கும் குரல் அறைகள். எந்த அறைக்குப் போவது என்பதை ஹோஸ்டின் ப்ரொஃபைலைப் பார்த்து முடிவு செய்வேன். போன வாரம் ‘சோழர் கால ஏரிகள்’ என்று ஒன்று, பயோவில் கல்வெட்டு ஆர்வலர், எழுத்தாளர், பேச்சாளர் என வரிசையாக இருந்தது, கவர் படம் தஞ்சைப் பெரிய கோயில், சரி என்று உள்ளே போனால் முக்கால் மணி நேரம் “வாங்கண்ணா, மைக்கை ஆன் பண்ணுங்க, சாப்டாச்சா” மட்டும்தான். அடிப்பிடித்த குக்கரையே தேய்த்து முடித்துவிட்டேன், ஏரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. நீங்கள் எல்லாம் எதை வைத்துத் தேர்வு செய்கிறீர்கள்?

வாய்க்கால் மேடு:
பயோவை விடுங்க. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பட்டம் போடுகிற மாதிரிதான் அது. ரிப்ளைஸ் பகுதியைத் திறந்து, யாராவது தப்பு என்று சொன்னால் ஆள் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நான் தொடர்கிற ஒருவர் உத்தரமேரூர் குடவோலைக் கல்வெட்டை ராஜராஜன் காலம் என்று எழுதிவிட்டார். ஒரு பையன் வந்து, “முதலாம் பராந்தகன் சார், பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கம், ஏரி வாரியம்கூட அதில்தான் வருது” என்றான். இவர் பதிவை அழிக்கவும் இல்லை, பையனை பிளாக் பண்ணவும் இல்லை, கீழேயே திருத்தம் போட்டார். அன்றிலிருந்து அவர் எப்போது ஸ்பேஸ் போட்டாலும் போய் உட்கார்ந்துவிடுவேன்.

மோர்மிளகாய்:
பழைய ரெக்கார்டிங் கிடந்தால் நடுவிலிருந்து ஐந்து நிமிஷம் கேளுங்கள். ஆரம்பம் எல்லாருக்கும் வரவேற்புரைதான். ரெக்கார்டிங்கே வைக்காதவர் அறைக்கு நான் போவதில்லை.

தூம்படி:
அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ரெக்கார்ட் ஆகிறது என்றால் விஷயம் தெரிந்த பாதிப்பேர் வாயே திறக்க மாட்டார்கள். நான் ஹோஸ்டைப் பார்ப்பதே இல்லை, மேடையில் யார் யார் இருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன், அதுவும் சில நேரம் ஏமாற்றும். ஒருநாள் படமே இல்லாத ஐடி, பெயருக்குப் பின்னால் ஏழெட்டு எண், நான் ஏதோ போலிக் கணக்கு என்று நினைத்தேன். அந்த மனுஷன்தான் குமிழித் தூம்பு, அதாவது ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் பழைய கால மதகைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். ஏரிக்குள் நிற்கும் இரண்டு கல் தூண், அடியில் தொட்டியை மூடியிருக்கும் கல், ஆள் முங்கிப் போய் அதைத் தூக்கினால் மேல் துளை வழியாகத் தண்ணீரும் கீழே உள்ள சின்னத் துளைகள் வழியாகச் சேறும் போகும் என்று, கூடவே நின்று பார்த்த மாதிரி சொன்னார்.

அடுப்படி ரேடியோ:
அடடா, அந்த ஐடியைச் சொல்லுங்களேன்.

தூம்படி:
அந்த எண்ணெல்லாம் யாருக்கு நினைவிருக்கு அக்கா. பெரும்பாலும் வியாழக்கிழமை பத்தரைக்குமேல் வருவார், வந்தால் இங்கே லிங்க் போடுகிறேன். ஒன்று, கேட்பவர் வரிசையில் உங்கள் படமும் தெரியும், மேடைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். கையை ஈரம் துடைத்துவிட்டே வாங்க.