கோலாலம்பூரில் ஜன்னல் மாற்றப் போகிறீர்களா? முதலில் வீடு எந்தத் திசை என்று பாருங்கள்

புதிதாக வீடு வாங்கியவர்கள் வெளிநாட்டு யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "டபுள் கிளேசிங் போடலாமா அண்ணா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். குளிர் நாட்டில் வெளியே பனி, உள்ளே ஹீட்டர். அங்கே அது தேவை. இங்கே வெளியே 33 டிகிரி, ஏர்கான் ஓடினால் உள்ளே 25. அந்த எட்டு டிகிரிக்காக இரட்டைக் கண்ணாடி போடுவது கட்டுப்படியாகாது. நமக்குத் தொல்லை நேராக அடிக்கும் வெயிலும் சாய்ந்து அடிக்கும் மழையும்தான்.

கோலாலம்பூர் பூமத்திய ரேகையிலிருந்து மூன்று டிகிரி வடக்கே இருக்கிறது. உச்சி வெயில் கூரையோடு போய்விடும். காலையில் கிழக்குச் சுவரும், மாலையில் மேற்குச் சுவரும்தான் காயும். அதனால் எல்லா ஜன்னலையும் ஒரே மாதிரி மாற்றாதீர்கள். மேற்கு அறைக்கு வெயிலைத் தடுக்கும் டின்டட் கண்ணாடியோ லோ-இ (வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சுள்ள) கண்ணாடியோ போடுங்கள். மற்றவற்றுக்குச் சாதாரணக் கண்ணாடி போதும். கையில் காசு குறைவென்றால், இருக்கிற கண்ணாடிக்கே நல்ல ஃபிலிம் ஒட்டி, வெளியே ஒரு பந்தல் இறக்கினாலே அறை எவ்வளவோ தணியும்.

பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் நாக்கோ ஜன்னல், அதாவது கைப்பிடியால் திருப்பும் கண்ணாடிப் பட்டை ஜன்னல் இருக்கும். அதை ஏளனமாகப் பார்க்காதீர்கள். மழை பெய்யும்போதும் திறந்து வைக்கலாம்; சமையலறைக்கும் குளியலறைக்கும் அதைவிட மலிவாக ஒன்று கிடைக்காது. உடைந்த கண்ணாடிப் பட்டையையும் கைப்பிடியையும் மட்டும் மாற்றினால் போதும். ஏர்கான் அறைக்குத்தான் ஆகாது: இடுக்கு வழியே குளிர் போகும், புகைமூட்டக் காலத்தில் தூசி வரும்.

மாற்றுவதென்றால் வழக்கமாக ஸ்லைடிங்தான் விலை குறைவு. ஆனால் பாதிதான் திறக்கும். கதவு மாதிரி கீலில் திறக்கும் கேஸ்மென்ட் முழுசாகத் திறக்கும், ரப்பர் வைத்து இறுக மூடும், விலையும் ஏறும். அது வெளிப்பக்கம் திறப்பதால் கிரில் உள்ளே வரும். அப்புறம் ஜன்னலைச் சாத்த ஒவ்வொரு முறையும் கம்பிக்குள் கையை விட வேண்டும், கொசுவலைக்கும் இடம் தேட வேண்டும். இதையெல்லாம் ஆர்டர் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். சாலைச் சத்தம்தான் பிரச்சினை என்றால், இறுக மூடும் கேஸ்மென்ட்டில் லேமினேட்டட் கண்ணாடி. உடைந்தாலும் நடுவிலுள்ள படலம் சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும். டெம்பர்டு கண்ணாடியை (சூடாக்கி உறுதியாக்கியது) பதப்படுத்திய பிறகு வெட்டவே முடியாது. அளவு பிசகினால் புதிதாகத்தான் செய்ய வேண்டும். அதனால் கடைக்காரரே வந்து அளவெடுக்கட்டும்.

விலை சதுர அடிக்குச் சொல்வார்கள். 6-க்கு 4 ஜன்னல் என்றால் 24 சதுர அடி. அடிக்கு 5 ரிங்கிட் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். எட்டு ஜன்னலுக்கு 960 ரிங்கிட் ஆகிவிடும். ஆனால் மலிவான கொட்டேஷனில் பிரேம் தடிமன், கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர், பழைய ஜன்னலை உடைத்து அப்புறப்படுத்துவது, சுவர் பூச்சு, கிரில் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இவை எழுத்தில் இல்லாத கொட்டேஷனை நான் ஒப்பிடவே மாட்டேன்.

கொண்டோவில் வெளித்தோற்றத்தை உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது; நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், டெபாசிட்டும் கேட்பார்கள். டெவலப்பரிடமிருந்து சாவி வாங்கி 24 மாதம் ஆகவில்லையா? ஜன்னல் ஒழுகினால் அவர்களே சரிசெய்ய வேண்டும். முதலில் புகார் எழுதுங்கள், காண்ட்ராக்டரை அப்புறம் கூப்பிடலாம்.

பினாங்கில் கடலோரமாக இருப்பவர்கள் திருகு, கீல் எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகக் கேளுங்கள். உப்புக் காற்றுக்கு 304 தரம் அவ்வளவாகத் தாங்காது. யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) பிரேம் துருப்பிடிக்காது, ஆனால் விலை அலுமினியத்தைவிடக் கூடுதல். ஜார்ஜ்டவுன் 2008 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பகுதி. அங்கே பழைய கடைவீடு என்றால் மர ஜன்னலைத் தொடும் முன் மாநகராட்சியிடம் கேட்டாக வேண்டும்.

வேலை முடிந்ததும் ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்த் தடத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். வெளிப்பக்கத் துளை வழியாக வடிய வேண்டும். அவசரத்தில் சிலிக்கான் பூசி அந்தத் துளையை அடைத்துவிடுவார்கள். முதல் பெருமழையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். வடிவதைப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.