மறு: "சாப்ட் அண்ட் ஸ்க்ரூட்" இசைக்குத் தமிழ்ச் சொல்

நண்பர்களுக்கு வணக்கம். ராப் பாட்டுகளை வெட்டி, வேகம் குறைத்துத் தரும் "சாப்ட் அண்ட் ஸ்க்ரூட்" (chopped and screwed) இசைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> "வெட்டித் திருகிய இசை" என்றே வைத்துவிடலாமே?

வெட்டு சரி, திருகல் வேண்டாம். ஸ்க்ரூ என்பது இங்கே ஓர் ஆளின் பெயர். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரின் தென்பகுதியைத் தன் கேசட்டுகளால் ஆண்ட டிஜே ஸ்க்ரூ, அதாவது ராபர்ட் ஏர்ல் டேவிஸ். பிடிக்காத இசைத்தட்டுகளைத் திருகாணியால் கீறிவிடுவார், அதனால் வந்த பெயர் என்பார்கள். திருகல் என்று எழுதினால், ஒலியில் ஏதோ முறுக்கு இருப்பதாகத்தான் வாசகர் எடுத்துக்கொள்வார்.

அவர் கை செய்த வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம். ஒரே பாட்டின் இரண்டு பிரதிகள் இரண்டு சுழல்மேசைகளில் ஓடும். ஒன்று மற்றதைவிட ஒரு தாள அடி பிந்தி. ஒலியை ஒரு மேசையிலிருந்து மற்றதற்கு மாற்றும் தள்ளுவிசையான கிராஸ்ஃபேடரைச் சட்டென்று அந்தப் பக்கம் தள்ளி இழுத்தால், இப்போது கேட்ட சொல்லே மறுபடி வந்து விழும். இது வெட்டு. அப்புறம் முழுப் பதிவையும் வேகம் குறைத்துக் கேசட்டில் ஏற்றுவார். அப்போது தாளம் மட்டும் தளர்வதில்லை, சுருதியும் கூடவே இறங்கும். இளம் பையனின் குரல்கூடக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கனத்துவிடும்.

இந்த இரண்டையும் ஒருசேரச் சொல்ல நம்மிடம் "மந்தம்" இருக்கிறது. மந்த கதி என்றால் வேகக் குறைவு, மந்த ஸ்தாயி என்றால் கீழ்ச்சுருதி. ஆகவே என் பரிந்துரை: மந்தவெட்டு.

> மந்தம் என்றாலே மந்தபுத்திதானே நினைவுக்கு வரும்? "தாழ்நடை" நல்லது.

தாழ்நடை அழகான சொல்தான். ஆனால் அதில் வேகம் மட்டுமே இருக்கிறது, சுருதி இல்லை. தென்றலை மந்தமாருதம் என்று கொண்டாடும் மொழியில் மந்தம் இழிவாகிவிடாது. ஹூஸ்டனுக்கும் மெதுவே பெருமை. பளபளக்கும் வண்ணமும் வெளியே நீட்டிய கம்பிச் சக்கரங்களுமாக "ஸ்லாப்" கார்கள் ஊர்ந்து போகும்போது உள்ளே ஒலித்தது இந்த இசைதான். ஸ்க்ரூவின் வீட்டு வாசலில் கேசட் வாங்கக் கூட்டம் கூடும். 1996இல் நண்பர்கள் மாறி மாறி இட்டுக்கட்டிப் பாடிய "ஜூன் 27" என்ற பாட்டு அரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. 2020இல் மினியாபொலிஸில் போலீஸ்காரரின் முழங்காலடியில் உயிர்விட்ட ஜார்ஜ் ஃபிளாய்டும் "பிக் ஃபிளாய்ட்" என்ற பெயரில் இந்தக் கேசட்டுகளில் பாடியவர்.

ஸ்க்ரூ 2000இல், 29 வயதில் இறந்தார். அவருடைய இசைத்தட்டுகளை ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகம் இன்று காத்து வருகிறது. 2016இல் வந்த "மூன்லைட்" படத்துக்கு இசையமைப்பாளர் நிக்கலஸ் பிரிட்டெல் இதே முறையை வயலின், செல்லோ இசையின் மேல் பயன்படுத்தினார். ஒரு தெருவின் கேசட் வேலையாகத் தொடங்கிய இதற்கு நாம் அரைகுறையாகப் பெயர் வைக்கக் கூடாது.

இன்னொன்று. யூடியூபில் நம் சினிமாப் பாட்டுகளுக்குச் செய்யும் "ஸ்லோட் அண்ட் ரிவெர்ப்" இதனோடு சேராது. அதில் வேகக் குறைப்பும் எதிரொலியும் உண்டு, வெட்டு கிடையாது. அதை "மந்தமுழக்கம்" எனத் தனிச்சொல்லாக வைக்கலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.