மரவள்ளியில் விளைச்சல் இருக்கிறது, காசு நிற்கவில்லை. விற்பதை எப்படி மாற்றுவது?

கேள்வி:
மூன்று வருடமாக மரவள்ளி போடுகிறேன், ஓரமாகக் கொஞ்சம் சர்க்கரைவள்ளியும் உண்டு. விளைச்சலில் குறை சொல்ல முடியாது. ஆனால் பிடுங்கிக் குவித்த பிறகுதான் வியாபாரி வருகிறார். மண் ஒட்டியிருக்கிறது, மாவு குறைவு என்று சொல்லி, பேசிய விலையிலிருந்து இறக்குகிறார். கெட்டுப்போகுமே என்ற பயத்தில் நானும் கொடுத்துவிடுகிறேன். தரகரை விட்டு நேரடியாக விற்றால் சரியாகிவிடுமா?

பதில் 1:
தரகரை எடுத்துவிட்டால் வண்டி, ஏற்றுக்கூலி, பணம் வசூல் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும், அதனால் அதை அப்புறம் யோசிக்கலாம். நீங்கள் தோற்பது பிடுங்கிய நேரத்தில். மரவள்ளி 2, 3 நாளில் உள்ளே நீலக் கோடு ஓடிக் கறுக்க ஆரம்பித்துவிடும், அது வாங்குகிறவருக்கும் தெரியும். மண்ணுக்குள் இருக்கும்வரை உங்களுக்கு அவசரமே இல்லை. விலை, எடை, கழிவு, வண்டி வரும் நாள் எல்லாம் பேசி முடிக்காமல் ஒரு செடியைக்கூட அசைக்காதீர்கள், வண்டிக்கு ஆகிற அளவு மட்டும் பிடுங்குங்கள். அதற்காக ரொம்ப நாள் விட்டுவைத்தால் நார் ஏறிவிடும். பிடுங்க 2, 3 வாரம் முன்பே தண்டை வெட்டிவிட்டால் கறுப்பது தள்ளிப்போகும்.

பதில் 2:
"மாவு குறைவு" என்பதை வாய்வார்த்தையாக ஏற்காதீர்கள். கழுவிய கிழங்கைச் சாதாரணமாக ஒரு முறை, தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். ஒரே எடைக் கிழங்கில் எது தண்ணீருக்குள் அதிக எடை காட்டுகிறதோ அதில்தான் மாவு அதிகம். ஆலையில் பாயிண்ட் (கிழங்கில் உள்ள மாவின் அளவு) பார்ப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். வண்டி கிளம்பும் முன் நீங்களே பார்த்து எழுதி வைத்திருந்தால் பேச்சே வேறு. வறட்சிக்குப் பிறகு மழை விழுந்து செடி புதுத் துளிர் விட்டால் மாவு இறங்கும், அந்த நேரத்தில் பிடுங்க வேண்டாம்.

பதில் 3:
ஆலை தூரமா? பச்சைக் கிழங்கில் 60 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், அதற்கும் சேர்த்துத்தான் வண்டி வாடகை கொடுக்கிறீர்கள். தீவன ஆலை வாங்கச் சம்மதித்தால் சீவிக் காயவைத்த சில்லாக அனுப்பலாம், ஆனால் வாங்குகிறவரை உறுதி செய்யாமல் அதில் இறங்காதீர்கள். சர்க்கரைவள்ளியை மரவள்ளி மாதிரி அவசரமாக விற்கத் தேவையே இல்லை. 30 டிகிரிச் சூட்டில், நல்ல ஈரப்பதத்தில் 4 முதல் 7 நாள் வைத்தால் தோல் காயம் ஆறிவிடும், அதன் பிறகு வாரக்கணக்கில் தாங்கும். 12 டிகிரிக்குக் கீழே குளிரூட்டினால் மட்டும் கெடும்.

கேள்வி கேட்டவர்:
தண்ணீருக்குள் நிறுத்துப் பார்க்கலாம் என்பதே எனக்குத் தெரியாது, மிக்க நன்றி. பக்கத்து நிலத்துக்காரர்கள் நாலு பேருக்கும் இதே பிரச்சினைதான். இந்த முறை ஆளுக்கொரு நாளாகப் பிரித்துப் பிடுங்கி, விலையைச் சேர்ந்தே பேசுகிறோம்.