வேலையை விட்டுவிட்டு நடிக்க வரலாமா? கணக்காளர் ஒருவரின் கேள்வி

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 9:40

வயது 27. கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கல்லூரியில் மூன்று நாடகங்கள், பிறகு நண்பர்கள் எடுத்த இரண்டு குறும்படங்கள். என் நடிப்பு அனுபவம் இவ்வளவுதான். கையில் 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. அப்பா இல்லை, வீட்டில் அம்மா மட்டும். வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து ஓர் ஆண்டு நாடகப் பயிற்சி பெறுவது, பிறகு சினிமா வாய்ப்புத் தேடுவது என்று திட்டம். விஜய் சேதுபதியும் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்தானே என்று மனம் சொல்கிறது. துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். இது திட்டமா, கிறுக்கா?

எதிர்க்காற்று | ஞாயிறு, இரவு 9:58

கிறுக்குதான்.

விஜய் சேதுபதி பெயர் உங்களுக்குத் தெரியும். அவர் வாய்ப்புத் தேடிய அதே ஆண்டுகளில், சினிமாக்காரர்கள் நிறைந்த அதே வடபழனியில் அலைந்து ஊர் திரும்பியவர்கள் பெயரில் ஒன்றாவது தெரியுமா? தோற்றவனை யாரும் பேட்டி எடுப்பதில்லை. என் சித்தப்பா மகன் சாலிகிராமத்தில் ஆறு ஆண்டுகள் இருந்தான். இப்போது சொந்த ஊரில் கைபேசிக் கடை வைத்திருக்கிறான். 45,000 ரூபாய் கொடுத்து எடுத்த புகைப்பட ஆல்பம் இன்னும் பீரோவில் இருக்கிறது. யாராவது விருந்தாளி வந்தால் சித்தி எடுத்துக் காட்டுவார், அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

களரி | ஞாயிறு, இரவு 11:15

முதலில் ஒரு திருத்தம். விஜய் சேதுபதி கணக்காளராக இருந்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எங்கே இருந்தார் என்பதை விட்டுவிடுகிறார்கள். துபாயில் பார்த்த வேலையை விட்டுத் திரும்பியபின் அவர் கணக்கு எழுதப் போன இடம் கூத்துப்பட்டறை. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய நாடகக் குழு. பேரேட்டுக்கு நாலடி தள்ளி நடிகர்கள் உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கும் இடம் அது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் என்று அங்கிருந்து வந்தவர்கள் பட்டியல் நீளும். பம்ப் கம்பெனிக் கணக்கும் அதுவும் ஒன்றாகாது.

நான் பயின்றது வேறொரு சிறிய குழுவில், ஐந்து ஆண்டுகள். முதல் மூன்று மாதம் எனக்கு ஒரு வரி வசனம்கூடத் தரவில்லை. காலை 6 மணிக்குச் சிலம்பம், பிறகு தெருக்கூத்து அடவு, பிறகு மூச்சுப் பயிற்சி. ஒருநாள் ஆசிரியர், "அந்த நாற்காலியில் போய் உட்கார்" என்றார். உட்கார்ந்தேன். "இப்போது உட்கார்ந்தது நீயா, உட்காருவதுபோல் காட்டிய இன்னொருவனா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு உடம்பால் பதில் சொல்ல எட்டு மாதம் ஆயிற்று. சனி ஞாயிறு வகுப்பில் இது வராது. முழு நாளும் உடம்பை அதற்குக் கொடுக்க வேண்டும்.

ஆகவே வாருங்கள். ஆனால் ஓர் ஆண்டு என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அழித்துவிட்டு மூன்று என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.

க்ளாப் பலகை | திங்கள், காலை 7:20

நான் உதவி இயக்குநர். மூன்று படங்களுக்கு நடிகர் தேர்வு வேலை பார்த்திருக்கிறேன். களரி அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது, மேசையின் மறுபக்கம் வேறு மாதிரி இருக்கிறது.

ஒரு சின்னப் பாத்திரத்துக்கு அழைப்பு விட்டால் வாட்ஸ்அப்பில் சில நூறு வீடியோக்கள் வந்து விழும். ஒவ்வொன்றிலும் முதல் பத்து நொடி பார்ப்போம். அந்தப் பத்து நொடியில் நாங்கள் நடிப்பைப் பார்ப்பதில்லை. "உரக்கடைக்காரர், 50 வயது, கொஞ்சம் ஏமாளி" என்று இயக்குநர் மனத்தில் ஒரு முகம் இருக்கும். அதற்குப் பக்கத்தில் வந்தால் மீதியைப் பார்ப்போம். நியாயமா என்று கேட்டால் இல்லைதான்.

மேடைப் பயிற்சி சில நேரம் இடைஞ்சலாகவே இருக்கிறது. கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பழகிய குரல், சட்டைக்குள் மைக்கை மறைத்துவைத்துப் படப்பிடிப்பிலேயே ஒலிப்பதிவு செய்யும்போது காதில் இடிக்கிறது. புருவத்தை ஒரு நூல் உயர்த்தினால் போதும் என்ற இடத்தில் தோளையே குலுக்குகிறார்கள்.

தம்பிக்கு ஒன்று. வீடியோ அனுப்பும்போது பிரபல படத்தின் வசனத்தைப் பேசி அனுப்பாதீர்கள். பார்க்கிறவனுக்கு அந்தப் பெரிய நடிகர்தான் நினைவுக்கு வருவார். பின்னணி இசை சேர்க்காதீர்கள். ஜன்னலைப் பார்த்து நின்றால் அந்த வெளிச்சமே போதும். பெயர், வயது, உயரம், தெரிந்த வட்டார வழக்கு ஆகியவற்றைச் சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக் காட்டுங்கள். கொங்கு வழக்கு வாயில் இருக்கிறதே, அதை விட்டுவிட்டு எல்லோரும் ஏன் மதுரைக்காரன்போல் பேசி அனுப்புகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

விஜய் சேதுபதி விஷயத்தையும் நான் வேறு மாதிரி படிக்கிறேன். 2010இல் சீனு ராமசாமி அவரை நாயகனாக்கினார், சரி. அவரை நிலைநிறுத்தியது குறும்படக்காரர்கள். 'நாளைய இயக்குநர்' தொலைக்காட்சிப் போட்டி நடந்த காலத்தில் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்த பையன்களோடு அவர் இருந்தார். கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி இருவரும் அந்தப் போட்டியில் இருந்து வந்தவர்கள். 2012, 2013இல் அவர்கள் இயக்கிய முதல் படங்களின் நாயகன் யார்? அவர்தான். நடிகன் வளர்வது தனக்குப் பக்கத்தில் நிற்கும் இயக்குநரோடுதான். ஆடிஷன் வரிசையில் நின்றவன் அந்த ஒரு பாத்திரத்தைப் பெறுவான். அடுத்தது வேண்டுமென்றால் மறுபடியும் வரிசைதான்.

களரி | திங்கள், காலை 7:41

கையில் தொழில் ஒன்றும் இல்லாதவனை அந்தப் பையன்கள் ஏன் தம் படத்தில் போட்டார்கள்? அதையும் சொல்லுங்கள். மேடையில் இருந்து வந்தவன் கத்துகிறான் என்றால் அவன் அரைகுறைப் பயிற்சிக்காரன். 'ஜோக்கர்' படத்தில் குரு சோமசுந்தரத்தைப் பார்த்தவர் யாராவது இடைஞ்சல் என்று சொல்வார்களா?

மூன்றாம் மணி | திங்கள், காலை 10:05

ஐயா, நான் 68 வயதுக்காரன், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன், 31 ஆண்டுகள் சபா நாடகங்களில் நடித்தவன். இங்கே வேலையை விடு, விடாதே என்று நடக்கும் சண்டையைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. எங்கள் காலத்தில் அது ஒரு கேள்வியே இல்லை.

பாலசந்தர் ஏ.ஜி. அலுவலகத்தில், அதாவது அரசின் தலைமைக் கணக்கு அலுவலகத்தில், வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டார். நாகேஷ் ரயில்வேயில் எழுத்தர். பூர்ணம் விஸ்வநாதன் வானொலியில் செய்தி வாசித்தவர். டெல்லி கணேஷ் விமானப்படையில் பத்தாண்டு இருந்துவிட்டு, காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் நடித்து, 1977இல் பாலசந்தர் படத்தில் அறிமுகமானார். மாதச் சம்பளம் இருந்ததால் கண்ட பாத்திரத்துக்கும் தலையாட்ட வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை. தம்பி, சம்பளத்தை விடாதீர்கள். வயிறு காய்ந்தவன் இயக்குநர் முன்னால் நின்றால் முகத்தில் பாத்திரம் தெரியாது, பசிதான் தெரியும்.

களரி | திங்கள், காலை 10:30

பெரியவரே, உங்கள் அலுவலகம் மாலை 5:30க்கு முடிந்தது, 6:30க்கு ஒத்திகை. இன்று தனியார் நிறுவனத்தில் இருப்பவன் 8 மணிக்கு வெளியே வந்து இரவு 9:30க்கு வீடு சேர்கிறான். நீங்கள் சொன்னவர்களில் பாலசந்தரும் நாகேஷும் பின்னாளில் வேலையை விட்டவர்கள் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். விடாமல் இருந்தவர்களில் பலர் பொழுதுபோக்கு நடிகர்களாகவே இருந்துவிட்டார்கள்.

மூன்றாம் மணி | திங்கள், காலை 11:12

என்னைத்தான் சொல்கிறீர்கள் என்று புரிகிறது.

கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் கோடை நாடக விழாவில் நடித்திருக்கிறேன். வாணி மகாலில், நாரத கான சபாவில் நடித்திருக்கிறேன். தாயார் இறந்த பதினேழாம் நாள் நகைச்சுவை நாடகத்தில் நடித்தேன், வசனம் ஒன்றுகூடத் தவறவில்லை. சினிமாவுக்குப் போகவில்லை, உண்மைதான். என்னை நடிகன் என்று சொல்லிக்கொள்ள உங்களிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமா?

வேலையை விட்டார்கள் என்கிறீர்களே, எப்போது விட்டார்கள்? கையில் படம் வந்தபின்.

களரி | திங்கள், காலை 11:20

பொழுதுபோக்கு என்ற சொல் தவறு. பொறுத்துக்கொள்ளுங்கள், ஐயா. நேரத்தைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

சீரியல் மருமகள் | திங்கள், இரவு 10:50

படப்பிடிப்பு முடிந்து இப்போதுதான் முகம் கழுவினேன். இதுவரை பேசியவர்கள் எல்லோரும் சினிமா, மேடை என்றே பேசுகிறீர்கள். நடிப்பை வைத்து மாதம்தோறும் வாடகை கட்டுகிறவர்களில் பலர் தொலைக்காட்சித் தொடரிலும் டப்பிங்கிலும் இருக்கிறோம், எங்களை ஒருவரும் நினைக்கவில்லை.

எட்டு ஆண்டுகளில் ஐந்து தொடர்கள். மாதத்தில் 12 முதல் 15 நாள் வேலை. முதல் தொடரில் சம்பளக் காசோலை மூன்று மாதம் தள்ளி வந்தது. அதுவரை அக்காவிடம் கடன் வாங்கிச் சாப்பிட்டேன். வசனத்தை மனப்பாடம் செய்ய நேரமே இருக்காது. உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று வரி வரியாகச் சொல்வார், நாங்கள் பின்னாலேயே சொல்வோம், டப்பிங்கில் சரிசெய்துகொள்வார்கள். வசதிதான். ஆனால் இரண்டு ஆண்டு கழித்து ஒரு குறும்படத்துக்குப் போனபோது ஒரு பக்க வசனம் எனக்கு மனத்தில் நிற்கவில்லை. பயந்துவிட்டேன். அன்று முதல் தினமும் ஒரு பக்கம் எதையாவது மனப்பாடம் செய்கிறேன், நேற்றுப் பால் கணக்கு நோட்டைக்கூட.

டப்பிங்கை இளக்காரமாக நினைக்காதீர்கள். விக்ரம் நடித்த முதல் படம் 1990இல் வந்தது, 'சேது' வந்தது 1999 டிசம்பரில். இடையில் அஜித்துக்கு 'அமராவதி'யில், பிரபுதேவாவுக்குக் 'காதலன்' படத்தில் குரல் கொடுத்தது அவர்தான். துறைக்கு உள்ளேயே இருந்துகொண்டு சாப்பிடுவது வேறு, வெளியே இருந்து கனவு காண்பது வேறு.

இன்னொன்று. தம்பி எழுதிய திட்டம் ஆண்பிள்ளைத் திட்டம். இதே கேள்வியை ஒரு பெண் கேட்டிருந்தால் நான் முதலில் பயிற்சியைப் பற்றிப் பேசியிருக்க மாட்டேன். ஆடிஷன் எங்கே, அலுவலகத்திலா ஹோட்டல் அறையிலா, எத்தனை மணிக்கு, உடன் யார் வரலாம் என்றுதான் கேட்டிருப்பேன். கேரளத்தில், சினிமாவில் பெண்கள் படும் பாட்டை விசாரித்த ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது எங்கள் ஒப்பனை அறையில் யாரும் ஆச்சரியப்படவில்லை. வேலையிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் படப்பிடிப்புத் தளத்துக்கும் பொருந்தும் என்பதை நான் சொல்லித்தான் பல புதுப்பெண்கள் தெரிந்துகொள்கிறார்கள்.

தம்பி, நீங்கள் கணக்காளர் என்கிறீர்கள். கணக்கைப் போட்டீர்களா? வளசரவாக்கத்தில் மூன்று பேரோடு அறையைப் பகிர்ந்தால் உங்கள் பங்கு 6,000. சாப்பாடு 7,000. பெட்ரோல், கைபேசி, சலவை 5,000. அம்மாவுக்கு 10,000. மாதம் 28,000, ஆண்டுக்கு 3,36,000. மிச்சம் 4,000 ரூபாய். இதில் பயிற்சிக் கட்டணம், புகைப்படம், அறைக்கு முன்பணம் எதுவும் சேரவில்லை. காய்ச்சல் வந்தால் படுக்கவும் பணமில்லை.

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 11:25

அக்கா, வெட்கமாக இருக்கிறது. ஊரார் செலவுக்கெல்லாம் அட்டவணை போடுகிறேன், எனக்கு ஒன்று போட்டுக்கொள்ளவில்லை.

எதிர்க்காற்று | திங்கள், இரவு 11:31

போடாததற்குக் காரணம் இருக்கிறது. போட்டால் விடை தெரிந்துவிடும். ரஜினிகாந்த் கண்டக்டராக இருந்துதானே வந்தார் என்று அடுத்து யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். சென்னையில் நடிப்புப் பள்ளியில் அவர் படிக்கும்போது பெங்களூரில் இருந்து உதவியவர் உடன் வேலை பார்த்த ஓட்டுநர். அப்படி ஒரு நண்பர் இருந்தால் சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

க்ளாப் பலகை | செவ்வாய், காலை 6:55

எதிர்க்காற்று அவர்களே, உங்கள் சித்தப்பா மகன் 45,000 கொடுத்து ஆல்பம் எடுத்தது எந்த ஆண்டு? "முதலில் ஆல்பம் எடு, பிறகு வாய்ப்பு" என்று அவனிடம் சொன்னவரே எடுத்தும் கொடுத்திருப்பார், பந்தயம் கட்டுகிறேன். பாத்திரம் தருகிறேன் என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அவருக்குத் தொழில் சினிமா அல்ல. அந்தப் பையன் நடிப்பில் தோற்கவில்லை, ஏமாற்றப்பட்டிருக்கிறான்.

எதிர்க்காற்று | செவ்வாய், காலை 8:10

அப்படித்தான் நடந்தது. ஆனாலும் ஆறு ஆண்டு போனது போனதுதான்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 9:15

இன்று மேலாளரிடம் பேசினேன். எங்கள் நிறுவனத்துக்கு அம்பத்தூரில் ஒரு கிளை இருக்கிறது. மார்ச் கணக்கு முடிந்தபின் மாற்றல் கேட்டால் பார்க்கலாம் என்றார். காரணம் கேட்டார். அம்மாவுக்குச் சென்னையில் சிகிச்சை என்று சொன்னேன், முகம் மாறாமல். நான் நடித்ததிலேயே நன்றாக வந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

களரி அண்ணா, காலை 6 முதல் 8 வரை மட்டும் வந்தால் சேர்த்துக்கொள்ளும் குழு ஏதாவது உண்டா?

களரி | செவ்வாய், இரவு 9:40

இரண்டு மணி நேரத்தில் சிலம்பம் மட்டும் வரும், நடிப்பு வராது. இதில் நான் இறங்கி வரப்போவதில்லை. இருந்தாலும் ஒரு குழுவின் முகவரியைத் தனிமடலில் அனுப்புகிறேன். ஒரு மாதம் ஒருநாள் விடாமல் 6 மணிக்குப் போய் நில்லுங்கள், பிறகு பேசலாம்.

மூன்றாம் மணி | செவ்வாய், இரவு 9:52

தம்பி, தாயார் உடம்பை வைத்துப் பொய் சொல்லாதீர்கள். வேறு காரணம் சொல்லியிருக்கலாம்.

க்ளாப் பலகை | செவ்வாய், இரவு 10:30

மாற்றல் கிடைத்ததும் சொல்லுங்கள். நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு படம் எடுக்கிறோம், சனி ஞாயிறுகளில் படப்பிடிப்பு. ஓர் ஆள் தேவைப்படுகிறது.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 10:31

என்ன பாத்திரம் அண்ணா?

க்ளாப் பலகை | செவ்வாய், இரவு 10:34

பாத்திரம் இல்லை. செலவுக் கணக்கு எழுத.