கேட்டதும் விடாம துரத்துற கவிதை: உங்களுக்கு எது?

காசிமேட்டான்:
வெண்மணி நாள் கூட்டம், எங்க தெருமுனையில. கவிஞர் இன்குலாப்போட 'மனுசங்கடா' பாட்டைப் பாடி முடிச்சதும் ஒரே கைதட்டு. ஆயா மட்டும் சேர்ல சும்மா உக்காந்திருந்துச்சு. வீட்டுக்கு வர்ற வழியில, "கதவ வெளிய சாத்துனது யாருடா?"ன்னு கேட்டுச்சு. குடிசை எரிஞ்சு பார்த்த கிழவி அது. 1968ல கீழ்வெண்மணியில நிலச்சுவான்தாருங்க வச்ச தீயில ஒரே குடிசைக்குள்ள வெந்துபோன 44 கூலி ஜனங்கன்னா, அதுக்கு முதல்ல கண்ணுக்குத் தெரியறது கதவுதான். "பாட்டுல அது வரல ஆயா"ன்னேன். "அப்புறம் இன்னாத்துக்குப் பாட்டு?" ராத்திரி முழுக்க தூக்கமே இல்ல.

வியாசை வாசகன்:
ஆயா மேல மரியாதைதான், ஆனா பாட்டை முழுசாக் கேளுங்க. சட்டம் எந்த மிராசை, அதான் நிலச்சுவான்தாரை, தொட்டுச்சுன்னு அது கேக்குது. கதவைச் சாத்துனவன் யாருன்னு சொல்லவேண்டியது கோர்ட்டு. கோர்ட்டு என்னா சொல்லுச்சு? கார் வச்சிருக்கிற மிராசுதாருங்க நடந்துபோயா தீ வைப்பாங்கன்னு சந்தேகப்பட்டு எல்லாரையும் விட்டுருச்சு. எங்கயோ இல்ல, நம்ம பாரிமுனை ஹைகோர்ட்டு. பஸ்ஸுல அந்தப் பக்கம் போறப்பல்லாம் எனக்கு அந்தக் கார்தான் ஞாபகம் வருது.

பெரம்பூர் டீச்சர்:
எனக்கு இலங்கைக் கவிஞர் நுஃமானோட 'புத்தரின் படுகொலை'. 1981ல யாழ்ப்பாணம் நூலகத்தை எரிச்சாங்களே, அதைப் பத்தினது. சிவில் உடையில வந்த போலீஸ் புத்தரைச் சுட்டுடுது, பிணம் நூலகப் படியில கிடக்கு. அமைச்சருங்க இருட்டுல வந்து, இவர் பேரு நம்ம பட்டியல்லயே இல்லையே, ஏன் கொன்னீங்கன்னு கோவிச்சுக்கறாங்க. வாசகர் வட்டத்துல நான்தான் வாசிச்சேன். எல்லாரும் துக்க வீடு மாதிரி உக்காந்திருக்க, புழல் அகதி முகாம்லேர்ந்து வந்த இலங்கைப் பெரியவர் மட்டும் அந்த இடத்துல வாய்விட்டுச் சிரிச்சார். இருமி இருமி, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். "அவங்கள் உப்பிடித்தான் கதைப்பாங்கள் பிள்ளை"ன்னார். அதுக்கு மேல வாசிக்க எனக்குக் குரல் வரல. ஆயா கேட்டதுல நியாயம் இருக்குங்க வியாசை. கொன்னவனைப் பேசவிட்டதாலதான் இந்தக் கவிதை நிக்குது. செத்தவங்களை மட்டும் அடுக்கிட்டே போனா கேக்கறவன் உச்சுக் கொட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவான்.

எண்ணூர்க்காரன்:
கூட்டம் நடத்துறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். இந்த மாதிரி கவிதைக்கு எக்கோ வைக்காதீங்க, பேய்ப் படம் மாதிரி ஆயிடும். பின்னாடி புல்லாங்குழல் வேணவே வேணாம். தலைவர் வர்றாருன்னு பாதியில நிறுத்தி சால்வை போடாதீங்க. கவிதைக்கு முன்னாடி விளக்கவுரை, பின்னாடி விளக்கவுரைன்னு போட்டு நடுவுல அதை நசுக்காதீங்க. வாசிக்கறவர் அழக்கூடாது, அழறது கேக்கறவங்க பாடு. ஜெராக்ஸ் எடுத்து முன்கூட்டியே குடுத்துடணும், இல்லன்னா பின்வரிசைக்கு ஒண்ணும் காதுல விழாது. என் அனுபவம்னா, 2023 டிசம்பர்ல எங்க எண்ணூர் ஆத்துல ஆலை எண்ணெய் கலந்து வந்தப்ப ஒண்ணு எழுதி கரையில வாசிச்சேன். வலையைக் கழுவிட்டு இருந்தவரு முழுசாக் கேட்டுட்டு, "நிவாரணம் எப்பன்னு அதுல எதுனா போட்டிருக்கா?"ன்னாரு.

வியாசை வாசகன்:
மைக் செட்டைப் பத்தி யாரு தலைவா கேட்டது? அந்த எண்ணூர்க் கவிதையை இங்க போடுங்க.