செம்பனை லோரி விபத்து: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

தோட்டத்து முச்சந்தியில் என் தம்பியின் மோட்டார் சைக்கிளைச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி மோதியது. 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்கிறது மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், கொடுத்துவிட்டோம். அபராதச் சம்மன் வந்ததோ தம்பிக்கு! போலீசார் லோரி முதலாளியின் பக்கம் என்று கோயில் மண்டபத்தில் பாதிப் பேர், பையன்தான் வேகமாக வந்தான் என்று மீதிப் பேர். அந்நேரம் வீட்டில் தூங்கியவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். சாலையின் வெள்ளைக் கோட்டைத் தாண்டித் தம்பியின் பக்கம் பழங்கள் சிதறிக் கிடந்ததைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். போலீசார் வரைந்த விபத்து வரைபடத்தில் அது இருக்கிறதா? நகல் வாங்குவது எப்படி? சம்மனைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகுமா? 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கிய சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையத்திடம் முறையிட்ட அனுபவம் உள்ள அண்ணன்மார், அக்காமார் தயவுசெய்து எழுதுங்கள்.