விண்வெளி வீரராக விரும்பும் மருத்துவர் எந்தச் சிறப்புப் பிரிவைப் படிக்கலாம்?

இளமருத்துவர் (கேள்வி):
பயிற்சி மருத்துவராக உள்ள நான் விரைவில் மேற்படிப்புக்கான பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்வெளி வீரராக வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அறுவை மருத்துவம், அவசர மருத்துவம் ஆகிய இரண்டில் தேர்வுக்கு எது கூடுதலாக உதவும்? தேர்வாகிவிட்டால் மருத்துவத்தை அடியோடு மறந்துவிட வேண்டியதுதானா?

கதிரவன்:
இன்ன பிரிவுதான் வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. 1993-இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியைப் பழுதுபார்த்தவர்களுள் ஒருவரான ஸ்டோரி மஸ்கிரேவ் அறுவை மருத்துவம் பயின்றவர். தொடர்ந்து 371 நாள்கள் விண்வெளியில் தங்கிய ஃபிராங்க் ரூபியோவோ குடும்ப மருத்துவர், அதோடு இராணுவ ஹெலிகாப்டர் விமானியும்கூட. 2021-இல் நாசா 12,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து பத்துப் பேரை மட்டுமே தேர்ந்தெடுத்தது (அதற்கு அமெரிக்கக் குடியுரிமையும் கட்டாயம்). ஆகவே, தேர்வாகாமல் போனாலும் மனநிறைவோடு செய்யக்கூடிய பிரிவையே எடுங்கள்.

மருதன்:
இரண்டாவது கேள்விக்கு என் பதில். ஏறத்தாழ இரண்டு ஆண்டு அடிப்படைப் பயிற்சியில் நீருக்கடியில் விண்நடைப் பயிற்சி, இயந்திரக் கையை இயக்குதல், ரஷ்ய மொழி ஆகியவையே பெரும்பகுதி. விண்வெளி நிலையத்திலும் பழுதுபார்ப்பும் ஆய்வும்தான் அன்றாட வேலை. அங்கு மருத்துவப் பொறுப்பை ஏற்பவர் மருத்துவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சிக்கலான முடிவுகளில் தரையிலுள்ள மருத்துவர்கள் வழிகாட்டுவார்கள். நிலையத்தில் ஒருவருக்குக் கழுத்துச் சிரையில் இரத்த உறைவு கண்டறியப்பட்ட நிகழ்வு 2020-இல் மருத்துவ இதழில் வெளியானது. தரையிலிருந்து வந்த வழிகாட்டுதலோடு அவரே தம் கழுத்தை அல்ட்ராசவுண்ட் கருவியால் பரிசோதித்துக்கொண்டார். குப்பியிலிருந்து மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றுவதுகூட அங்கே எளிதன்று; எடையற்ற நிலையில் காற்றுக்குமிழிகள் மேலே ஒதுங்காமல் மருந்தோடு கலந்தே நிற்கும். இத்தகைய சிக்கல்களில் உங்களுக்கு உண்மையான ஆர்வம் இருந்தால், விண்வெளி மருத்துவம் பயின்று தரையிலிருந்து வீரர்களைக் கவனிக்கும் பணியையும் எண்ணிப் பாருங்கள். என் கருத்தில், மருத்துவருக்கு உரிய வேலை அந்தத் தரைப் பணியில்தான் மிகுதி.

நிலாமகள்:
மருதன் அவர்கள் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். வலேரி பொல்யாகோவ் என்னும் மருத்துவர் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் 1994 ஜனவரி முதல் 1995 மார்ச் வரை தொடர்ந்து 437 நாள்கள் தங்கியது, செவ்வாய்ப் பயணம் அளவுக்கு நீண்ட காலத்தை மனித உடல் தாங்குமா என்று அறிவதற்காகவே. திரும்பி வந்தபோது, பிறர் தூக்கிச் செல்லக் காத்திராமல், கலத்தின் அருகிலிருந்த நாற்காலிக்குத் தாமே நடந்து சென்றார். அந்தப் பயணத்தில் மருத்துவரும் அவரே, பரிசோதனைக்கு உட்பட்டவரும் அவரே. அதை மருத்துவத்தைத் துறந்ததாக எப்படிக் கருதுவது?